வெள்ளையாகத் தெரிவது

தூத்துக்குடி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பெவினுக்கு,

இல்லை. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ரத்தம் இல்லை.

உங்கள் அக்கா ஷீஜா மைனி உங்களுக்கு அனுப்பிய படத்தை நானும் பார்த்தேன். ஸ்கேன் அறைத் திரையைச் செல்போனில் எடுத்திருக்கிறார். உங்கள் அப்பாவின் மூளை. இடது பாதியில் ஒரு வெள்ளைத் திட்டு. கீழே, "தலைக்குள்ள ரத்தம் கொட்டிருச்சு தம்பி, உடனே வா" என்று எழுதியிருக்கிறார். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது நான். நான் அப்படிச் சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போனில் பேசினால் நாம் கத்துகிறோம், இல்லாவிட்டால் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறோம். இனி எழுதிக்கொள்வோம் என்று போன மாதம் நீங்கள் சொன்னது நல்லது.

இன்று காலை ஆராதனைக்குப் புறப்பட மாமா முகம் மழித்துக்கொண்டிருந்தார். இடது கன்னம் முடிந்தது. வலது கன்னத்தில் நுரை அப்படியே இருக்க, ரேசர் கையிலிருந்து விழுந்துவிட்டது. மைனி ஓடிவந்தபோது அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பேச்சு வரவில்லை. மைனி அவரை நாசரேத்திலிருந்து காரில் நேராக என் மருத்துவமனைக்கே கொண்டுவந்துவிட்டார். அதனால் சிகிச்சைக்கு நேரம் இருந்தது.

இதயம் தாளம் தப்பித் துடித்ததில் ஒரு ரத்தக்கட்டி உண்டாகி, மூளைக்குப் போகும் குழாயை அடைத்திருக்கிறது. டாக்டர் சிவப்பிரகாஷ் தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு அந்தக் கட்டியை இழுத்து எடுத்தார். ரத்த ஓட்டம் திரும்பிவிட்டது. வலது கால் கொஞ்சம் அசைகிறது. கை அசையவில்லை.

அந்தச் சிகிச்சையில், குழாய்கள் படத்தில் தெரிவதற்காக ஒரு மருந்து ஏற்றுவார்கள். டை என்போம். சாயம் என்று பெயர்தான், நிறம் கிடையாது. பார்க்கத் தண்ணீர்போல இருக்கும். ஸ்கேனில் மட்டும் வெள்ளை. அடைப்பில் நொந்துபோன மூளைக்குள் அது கசிந்து தங்கிவிடும். ரத்தமும் ஸ்கேனில் வெள்ளைதான். சிகிச்சை முடிந்த கையோடு எடுக்கும் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். திட்டின் மேல் ஒரு வட்டம் வரைந்தால், எவ்வளவு வெள்ளை என்று இயந்திரம் ஓர் எண் சொல்லும். எண் மிகப் பெரியதாக இருந்தால் சாயம். மாமாவுடையது நடுவில் நிற்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுகிற வேறு வகை இயந்திரம் உண்டு. எங்களிடம் இல்லை. இருக்கும் ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். இந்த நிலையில் வேண்டாம் என்றார் டாக்டர்.

எங்களுக்கு இருப்பது ஒரே வழி. காத்திருப்பது. சாயம் என்றால் ஒன்றிரண்டு நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். ரத்தம் என்றால் அங்கேயே இருக்கும்.

அதுவரை ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை ஆரம்பிக்க முடியாது. ரத்தக்கசிவு இருந்து, மருந்தும் கொடுத்தால், அதுவே அவரைக் கொன்றுவிடும். கசிவு இல்லாமல், மருந்தும் கொடுக்காமல் விட்டால், இன்னொரு கட்டி போய் அடைக்கலாம்.

மாமாவின் வலது கன்னத்தில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

நாளை மறுபடியும் எடுப்போம்.

அன்புடன்,
ஜெமிமா


டர்பன் துறைமுகத்துக்கு வெளியே
10 பிப்ரவரி 2025

என் ஜெமிக்கு,

உன் கடிதத்தை இன்ஜின் அறையில் நின்றபடியே இரண்டு முறை வாசித்தேன். கையில் இருந்த கிரீஸ் போனெல்லாம் அப்பிவிட்டது. அப்பா பாதி முகம் மழித்தபடி கண்ணாடி முன் நின்றார் என்று எழுதியிருந்தாய். அதற்குமேல் எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போதுகூட ஒரு பொத்தான் விட்டுப்போனால் பொறுக்காத மனுஷன்.

கேப்டன் கூப்பிட்டுப் பேசினார். இறங்குவதானால் இங்கேதான் இறங்கவேண்டும். நாளை கப்பல் புறப்பட்டால் பிரேசில்வரை எங்கும் நிற்காது. எனக்குப் பதில் ஆள் ஏற்பாடு செய்யக் கம்பெனி தயார். இன்றைக்குள் முடிவு சொல்லவேண்டும். "உன் அப்பா சாகக் கிடக்கிறாரா, இல்லையா?" என்று நேராகவே கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "உன் மனைவி ஸ்கேன் டாக்டர் என்று சொன்னாயே?" என்றார். அவளுக்கும் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

நீ எழுதும் ரிப்போர்ட்டின் கடைசி வரி எனக்கு மனப்பாடம். "நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்." கல்யாணம் ஆன புதுசில் மீன்குழம்பு எப்படி இருக்கிறது என்று நீ கேட்க, நான் அந்த வரியைச் சொல்ல, நீ கரண்டியை எறிந்தாய். சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஜூனிலும் இப்படித்தான் எழுதினாய். "துடிப்பு தெரியவில்லை, ஆனால் இது ரொம்பச் சின்னக் கரு, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்று. அந்த ஒரு வாரமும் நான் கப்பலில் குழந்தைக்குப் பெயர் யோசித்துக்கொண்டு திரிந்தேன். உனக்கு முதல் நாளே தெரியும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். கோபப்படாதே. என் மனம் தாங்காது என்று மறைத்திருப்பாய். இந்தத் தடவை மறைக்காதே.

ரத்தம் என்றால் பெட்டியைக் கட்டிவிடுவேன். சாயம் என்றால் நிம்மதியாகப் போவேன். ஒரே ஒரு வார்த்தை எழுது.

அப்பாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. அக்காவைத் திட்டாதே, பயந்திருப்பாள்.

இன்ஜினைவிடச் சூடாகக் காத்திருக்கும்,
உன் பெவின்


தூத்துக்குடி
10 பிப்ரவரி 2025, மாலை

அன்புள்ள பெவினுக்கு,

திட்டு மங்கியிருக்கிறது. போகவில்லை.

முழுவதும் சாயமாக இருந்து மெதுவாகப் போகலாம். சாயம் போய், அடியில் கொஞ்சம் ரத்தம் மிஞ்சியும் இருக்கலாம். டாக்டர் சிவப்பிரகாஷ் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "மேடம், டையா ரத்தமா, ஒரே வார்த்த சொல்லுங்க. மருந்த ஆரம்பிக்கணும்லா" என்றார். நாளை சொல்கிறேன் என்றேன்.

"அதுக்குள்ள இன்னொரு கட்டி போச்சுன்னா?"

"தெரியும் டாக்டர்."

"உங்க மாமனாருங்கதால யோசிக்கீங்களா?"

யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன் என்றேன். அவர் போனபிறகு, படத்தின் மூலையில் இருந்த ஜேசுதாசன் என்ற பெயரை விரலால் மறைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

மைனி ஊருக்கெல்லாம் ரத்தம் என்று சொல்லிவிட்டார். பந்தல்கார மனுவேல் நாசரேத் வீட்டு வாசலில் நாற்காலிகளை இறக்கிவிட்டாராம். மைனி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது வார்டு முழுக்கக் கேட்டது.

"ஏலே மனுவேலு, எங்கப்பா மூச்சு விட்டுட்டு இருக்காவ. நீ சேர் எறக்குதியா?"

"ஜெபக்கூட்டத்துக்குத்தான்க்கா எறக்குனேன். வேற எதுக்கு?"

"ஜெபம் பண்ணுததுக்கு ஐஸ் பெட்டி என்னத்துக்குல?"

போனை வைத்துவிட்டு மைனி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

வார்டில் முகம் மழிக்க ஆள் வந்தபோது மைனி விடவில்லை. படுத்திருக்கிறவர் முகத்தை இன்னொருவர் மழிப்பது பெட்டியில் வைப்பதற்கு முன்னால்தான் என்கிறார். அதனால் ஒரு கன்னத்தில் முடி கூடுதலாகவும் ஒரு கன்னத்தில் குறைவாகவும் கிடக்கிறார் மாமா. நெற்றியில் முத்தம் கொடுத்தேன். உங்களுடையது என்று சொன்னேன்.

ஜூனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அந்த அளவில் துடிப்பு தெரியாமல் இருந்து, ஒரு வாரம் கழித்துத் துடித்த கருக்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் மறுபடி பார்ப்பது. அந்த ஒரு வாரம் நானும் பெயர் யோசித்தேன்.

கேப்டனிடம் என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். படத்தைக் கேட்டு முடிவு செய்யவேண்டாம். மாமாவுக்குப் பேச்சு இல்லை, ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் பார்க்கிறார். வரத் தோன்றினால் வாருங்கள்.

அன்புடன்,
ஜெமிமா


டர்பன்
11 பிப்ரவரி 2025

ஜெமிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். மங்கியிருக்கிறது என்றால் நல்லதுதானே? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கப்பலிலேயே இருக்கிறேன் என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன்.

"வரத் தோன்றினால் வாருங்கள்" என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தோன்றுவதை வைத்து என்ன செய்ய? தெரிந்தவள் நீ. "வாங்க" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் உடுத்திய துணியோடு இறங்கியிருப்பேன். நீ எழுதவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதை நீயும் நினைவில் வைத்துக்கொள்.

இப்படி எழுதியிருக்கக்கூடாது. அழிக்க நேரமில்லை. நங்கூரம் எடுக்கிறார்கள், கீழே போகவேண்டும்.

அப்பாவிடம் சொல். ஏப்ரலில் வந்துவிடுவேன் என்று சொல்.

பெவின்


தூத்துக்குடி
11 பிப்ரவரி 2025

அன்புள்ள பெவினுக்கு,

இன்றைய அறிக்கையை அப்படியே எழுதுகிறேன்.

"முந்தைய இரண்டு படங்களில் மூளையின் இடது பக்கத்தில் இருந்த வெள்ளைத் திட்டு முற்றிலும் மறைந்துவிட்டது. அது சாயம். ரத்தக்கசிவு இல்லை."

கடைசி வரி எழுதவில்லை. தேவைப்படவில்லை.

அடைப்பில் இறந்துபோன இடம் இப்போது கறுப்பாகத் தெரிகிறது. சிறியது. அது மாறாது. கையும் பேச்சும் எவ்வளவு திரும்பும் என்பது இனிப் பயிற்சியில் இருக்கிறது. எப்போது மருந்தை ஆரம்பிப்பது என்று டாக்டர் சிவப்பிரகாஷ் நாள் குறித்துவிட்டார். "நீங்க நேத்து சொன்னது சரிதான் மேடம்" என்றார். நேற்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

மைனி கேட்டார். "தம்பி என்னளா சொல்லுதான்? வாரானா?"

"கப்பல் புறப்பட்டுட்டு மைனி."

"அவன் என்ன செய்வான், பாவம். அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டுல்லா."

மாமாவின் காதருகே போய், ஏப்ரலில் வருகிறீர்கள் என்றேன். கண்களை மூடிக்கொண்டார். தூங்கினாரா, தெரியாது.

அன்புடன்,
ஜெமிமா


சாண்டோஸ், பிரேசில்
2 மார்ச் 2025

என் தங்க ஜெமிக்கு,

கரையில் கால் வைத்ததும் செய்த முதல் வேலை அக்கா அனுப்பிய வீடியோவைப் பார்த்ததுதான். அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அக்கா பின்னாலிருந்து, "கால தூக்கி வைங்கப்பா, தேய்க்காதீங்க" என்று அதட்டுகிறாள். அவர் திரும்பி முறைக்கிறார். அந்த முறைப்பு போதும் எனக்கு. பழைய ஹெட்மாஸ்டர் உள்ளேதான் இருக்கிறார். உன்னைப் பார்த்து "டீச்சர், டீச்சர்" என்கிறாராமே. பெயர் வராவிட்டாலும் மரியாதை வருகிறது.

இங்கே சர்க்கரை ஏற்றுகிறோம். தளமெல்லாம் வெள்ளைத் தூசி. காதிலும் கழுத்திலும் இனிப்பு. எறும்பு ஒன்றுதான் இன்னும் வரவில்லை.

டர்பனில் அவசரத்தில் ஏதோ எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ முதல் நாளே சாயம் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் தூங்கியிருப்பேன், அவ்வளவுதான். அதுவும் போகட்டும். நல்லபடியாக முடிந்துவிட்டது.

கடலில் வந்த நாள்களில் ஒன்று யோசித்தேன். நம் இரண்டு பேருக்கும் நடுவில் போன வருஷத்திலிருந்து ஒன்று கிடக்கிறது இல்லையா, அதுவும் டைதான் ஜெமி. ரத்தம் இல்லை. பார்க்கப் பயமாக இருக்கும், நாளானால் தானாகவே போய்விடும். காத்திருப்பதுதான் வழி என்று நீயேதானே எழுதினாய்.

ஏப்ரல் கடைசியில் இறங்குகிறேன். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம், அந்த மீன்குழம்புக் கறையை மட்டும் விட்டுவிடலாம். ஒரு நாள் முயல் தீவுக்குப் போவோம். மக்ரூன் வாங்கி வை. போன தடவை வாங்கியது நமுத்துப்போயிருந்தது, கடைக்காரரிடம் சொல்லி வாங்கு.

இனிப்பில் ஊறிக்கொண்டிருக்கும்,
உன் பெவின்


நாசரேத்
9 மார்ச் 2025

அன்புள்ள பெவினுக்கு,

ஞாயிறுகளில் இங்கே வந்துவிடுகிறேன். வரும் வழியில் ஆறுமுகநேரியில் புதிய உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதுவும் தோன்றவில்லை.

மாமா இப்போது கரண்டியை இடது கையால் பிடித்துத் தானே சாப்பிடுகிறார். போன வாரம் ஒருநாள் வாசல் கதவு சத்தம் கேட்டு, "பெவின்" என்றாராம். தெளிவாக. வந்தது பால்காரர். மைனி சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார், பெயர் திரும்பிவிட்டது என்று. உண்மைதான். நல்ல முன்னேற்றம்.

நீங்கள் டையைப் பற்றி எழுதியிருந்ததைப் பலமுறை வாசித்தேன். வேலையில் செய்வதுபோலவே செய்தேன். அன்று இருந்ததை இன்று இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஜூனில் உங்கள் கப்பல் பழுதுபார்க்கக் கொழும்பில் நின்றது. மாடியில் நின்றால் தெரியும் கடலுக்கு அந்தப் பக்கம். "உறுதியாகத் தெரிந்ததும் சொல், உடனே வருகிறேன்" என்று எழுதினீர்கள். ஒரு வாரத்தில் உறுதியாகத் தெரிந்தது. "இனி வந்து என்ன செய்ய, நீ நல்லா ரெஸ்ட் எடு" என்று எழுதினீர்கள். எடுத்தேன். செப்டம்பரில் வந்தீர்கள். நன்றாகச் சாப்பிட்டோம். அதைப் பற்றிப் பேசவில்லை. நவம்பரில் போனீர்கள்.

பிப்ரவரியில், ரத்தம் என்றால் வருகிறேன் என்றீர்கள். சாயம் என்று தெரியும் முன்பே போய்விட்டீர்கள்.

என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்ததாக இரண்டு தடவையும் எழுதினீர்கள். அந்த வார்த்தை இல்லாத நாள்களில்தான் ஆள் தேவைப்பட்டது. ரத்தமா சாயமா என்று தெரியாத அந்த இரண்டு நாளும் மைனி வந்து வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் என்று தப்பாகத்தான் நினைத்தார். ஆனால் உட்கார்ந்திருந்தார். மனுவேலும் தப்பாகத்தான் நாற்காலி இறக்கினார். ஜூனில் அந்த ஒரு வாரம் நான் வேலைக்குப் போய், மற்றவர்களின் படங்களைப் பார்த்து, வீட்டுக்கு வந்தேன்.

கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் உங்களுக்கும் எளிதாக இருந்திருக்கும்.

ஜூனில் இருந்தது இன்று அதே அளவில் அதே இடத்தில் இருக்கிறது. மங்கவில்லை. இவ்வளவு நாள் கழித்தும் இருந்தால் அது சாயம் இல்லை.

நான் வந்துவிடுகிறேன், பெவின். இந்தக் கல்யாணத்திலிருந்து வெளியே. இதற்குக் கீழே கடைசி வரி எதுவும் இல்லை.

மருத்துவமனைக் குவார்ட்டர்ஸில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். என் துணிகளையும் புத்தகங்களையும் நேற்றே கொண்டுபோய்விட்டேன். சுவரில் எதையும் தொடவில்லை. வீட்டுச் சாவியை இன்று மைனியிடம் கொடுத்தேன். உடனே புரிந்துகொண்டார்.

"ஏளா, அவன் வரட்டும். வந்தப்பெறகு பேசிக்கிடலாம்லா?"

"வந்தப்பெறகு பேசத்தான மைனி போன தடவையும் இருந்தேன்."

கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பாவ பாக்க வருவியா, மாட்டியா?"

"ஞாயித்துக்கெழம வருவேன்."

"ஒரு வார்த்தயில சொல்லிட்டியே" என்றார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மாமாவின் மாத்திரைகளை எப்போது கொடுப்பது என்று மைனிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எங்காவது இடித்துக்கொண்டு ரத்தம் நிற்காவிட்டால் உடனே எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் நீங்கள் வரும்போது அவர் வாசல்வரை நடந்து வருவார் என்று நினைக்கிறேன். அன்று ஞாயிறாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் அறையில் காதுக்கு மறக்காமல் அடைப்பான் போடுங்கள்.

ஜெமிமா

பி.கு. கடிதத்தை முடித்தபின் மாமாவை ஜன்னலோர நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்தேன். உட்கார்ந்திருப்பதால் மைனி தடுக்கவில்லை, வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு கன்னத்திலும் நுரை போட்டு, வலது கன்னத்திலிருந்து மழித்துவிட்டேன்.